பாறையடிப் பெஞ்சு

நாலு இளைஞர்கள் பாறைச் சரிவிலிருந்து இறங்கி வந்தபோது சுதாமணி மடியில் மசாலாப் பொரிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தாள். பக்கத்தில் சன்னபசப்பா கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார். பெங்களூர் லால்பாக்கில் மலர்க் கண்காட்சியின் கடைசி ஞாயிறு. கண்ணாடி மாளிகைப் பக்கம் தலை நுழைக்க முடியாத கூட்டம். இங்கே மட்டும்தான் மூச்சு விடலாம்.

அவள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவன் போய்ப் பல வருஷமாயிற்று. சன்னபசப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். மனைவி போனபின் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். இந்தத் தோட்டத்தைப் போட்டது ஹைதர் அலி என்று அவர் சொல்ல, திப்புதான் என்று அவள் சாதிக்க, அறிவிப்புப் பலகையைத் தேடி இருவரும் சேர்ந்து நடந்ததில் ஆரம்பித்த பழக்கம். ஜெயித்தது அவர். அப்பன் போட்டதை மகன் பெருக்கினான், கடல் கடந்தெல்லாம் செடி வரவழைத்தான் என்று அவளைச் சமாதானப்படுத்தியதும் அவர்தான். தன் மகன் ஹேமந்த்திடம், 'நடக்கப் போறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு ஞாயிறுதோறும் வருவாள். அது பொய்யுமில்லை.

இறங்கி வந்த நால்வர் கழுத்திலும் ஒரே நிறத் துண்டு. ஒருவன் மொபைலை உயர்த்திப் பிடித்திருந்தான். அடுத்த பெஞ்சிலிருந்த பையனையும் பெண்ணையும் எழுப்பி நிறுத்தினார்கள்.

"உங்கப்பன் பேரு என்ன? போன் நம்பர் சொல்லு."

பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். தலைவன் போலிருந்தவன் சுதாமணியைப் பார்த்துக் கைகூப்பினான். மொபைலை இந்தப் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் பேசினான்.

"இங்க பாரும்மா, இதான் நம்ம கலாசாரம். தாலி கட்டி நாப்பது வருஷமாயிருக்கும். ஐயாவும் அம்மாவும் எவ்ளோ லட்சணமா உக்காந்திருக்காங்க. இதுங்களுக்கு ரெண்டு வார்த்தை புத்தி சொல்லுங்கம்மா."

சன்னபசப்பாவின் விரல்கள் பொட்டலத்திலேயே நின்றுவிட்டன. பதிலுக்குக் கைகூப்பிவிட்டால் போதும், அவர்கள் போய்விடுவார்கள் என்று சுதாமணிக்குத் தெரியும். கை பாதி எழும்பிக்கூட விட்டது. அப்போதுதான் அந்தப் பெண் துப்பட்டாவை விலக்கி அவளைப் பார்த்தாள். நீயும் இவர்கள் ஆள்தானே என்று கேட்கிற பார்வை. சுதாமணி கையைக் கீழே இறக்கினாள்.

"இவரு என் வீட்டுக்காரர் இல்லப்பா."

அவன் சிரித்தான். "அண்ணனா?"

"அதுவும் இல்ல. என் வீட்டுக்காரர் செத்துப் போயாச்சு. இவரு எனக்குப் பிடிச்ச மனுஷன். பாக்க வருவேன்."

மொபைல் தாழ்ந்தது.

"ஏன் இறக்கறே? எடு. எங்கப்பா பேரு நரசிங்கராவ். அவரும் போய்ச் சேர்ந்துட்டார். ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் குடுத்தவ நான். அவரு போன எடத்து நம்பர் மட்டும் எனக்கே கெடைக்கல. உனக்குக் கெடைச்சா சொல்லு."

வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தலைவனின் முகம் கறுத்தது.

"வயசுக்குத் தகுந்த பேச்சா இது? உங்க பிள்ளைங்க பாத்தா தூக்குல தொங்குவாங்க."

"அத அவங்க என்கிட்ட சொல்லட்டும்." அவள் நகர்ந்து இடம் விட்டாள். "வாம்மா, இப்படி உக்காரு. நீயும் வாப்பா."

இருவரும் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார்கள். நால்வருக்கு அந்தப் பெஞ்சு போதவில்லை; தோளோடு தோள் இடித்தது.

"இந்த வீடியோ எங்கெல்லாம் போகுதுன்னு பாரு," என்றபடி துண்டுக்காரர்கள் கண்ணாடி மாளிகைப் பக்கம் நடந்தார்கள். கூட்டம் கலையவில்லை.

சன்னபசப்பா பொரிப் பொட்டலத்தை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

அப்புறம் சுதாமணி பக்கம் திரும்பினார். "பிடிச்ச மனுஷன்னு என்கிட்டயே நீங்க சொன்னதில்லையே."

"நீங்க கேட்டாத்தானே."

வெயில் சாயும் நேரத்தில் ஹேமந்த்தின் அழைப்பு வந்தது. பக்கத்தில் இருந்த பையன் பயந்து அவளைப் பார்த்தான். அவள் எடுத்தாள்.

"ஆமா, வீடியோவுல இருக்கறது நான்தான்... இல்லப்பா, யாரும் என்னைச் சொல்ல வைக்கல... நானேதான் சொன்னேன்... வரேன். இப்ப இல்ல, அப்புறமா வரேன்."

புல்வெளிக்கு நீர் தெளிக்கும் குழாயை யாரோ திறந்துவிட்டார்கள். அது சுழன்று சுழன்று பாதைவரை வந்து, நின்றிருந்த கூட்டத்தைச் சிதற அடித்தது. பெஞ்சிலும் சாரல் விழுந்தது. அதில் உட்கார்ந்திருந்த நால்வரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.