கடல் விட்டால் வருவான்

தமிழரசு வேலைக்குப் போன இடத்தில் கடல் இருந்ததுதான் யமுனாவுக்கு முதலில் பிடித்த விஷயம். நகரிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகித் திருச்சானூருக்கு வந்தவள் அவள். கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. கல்யாணமான ஏழாம் மாதம், 2002-இல், புத்தூர்க்காரர் மேஸ்திரி வேதாச்சலம் வந்து ஆள் எடுத்தார். கோவாவில் ஒரு பெரிய ரிசார்ட். அதன் முன்னால் இருந்த மணலைக் கடல் வருஷா வருஷம் இழுத்துக்கொண்டு போனது. மணல் இல்லாவிட்டால் டூரிஸ்ட் வரமாட்டான். ஆழத்திலிருந்து குழாய் வழியாக மணலை உறிஞ்சிக் கரையில் கொட்டிப் பரப்பும் வேலை. "ஒரு சீசன்தாம்மா" என்றார்.

அந்த ஒரு சீசன் நாலு வருஷமாக நீண்டது.

கோயில் தெருவுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் யமுனா அறைகளைக் கூட்டிப் பெருக்கினாள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு லாட்ஜ் போன் அடிக்கும். "யமுனா, மீ ஆயன!" என்று மேனேஜர் ரங்கையா மாடிப்படியைப் பார்த்துத் தெலுங்கில் கத்துவார்; உன் புருஷன் என்று அர்த்தம். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

"துன்னியா?" என்பான் தமிழரசு.

"துன்னேன். எப்ப வர்ற?"

"வரலாம்னுதான் இருந்தேன். முந்தாநேத்து அலை அடிச்சி அறுபதடி மண்ணை வாரிக்கினு போயிடிச்சி. திரும்ப முதல்லேர்ந்து கொட்டணும். கடல் விட்டா வந்துடுவேன்."

வருஷத்துக்கு ஒருமுறை கங்கை ஜாத்திரைத் திருவிழாவுக்குப் பத்து நாள் வருவான். தோல் கறுத்து, உதடு வெடித்து வருவான். அவன் போன பிறகு அவன் படுத்த பாயில் மணல் உதிர்ந்து கிடக்கும். அதைக் கூட்டித் தள்ள அவளுக்கு மனசு வர இரண்டு நாளாவது ஆகும். பிறகு மறுபடி ஞாயிற்றுக்கிழமைகள். பார்த்தே இராத கடலை அவள் வாயாரத் திட்டினாள். இவ்வளவு தின்றும் அதற்குப் பசி அடங்கவில்லையா என்று படுக்கை விரிப்புகளை உதறும்போது முணுமுணுப்பாள்.

2006 கார்த்திகையில் கோயிலில் பஞ்சமி தீர்த்தத் திருவிழாக் கூட்டம் வடிந்ததும் லீவு சொன்னாள். கூட வேலை செய்த சென்னம்மா குண்டக்கல் வரை வந்து, கோவா போகும் வாஸ்கோ வண்டியில் ஏற்றிவிட்டாள்.

கடல் அவள் நினைத்ததுபோல் இல்லை. சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு தென்னைகளுக்கு நடுவே, தகரக் கொட்டகைகளைத் தாண்டி, அது முழுசாகத் தெரிந்தது. ஒரு ஆள் உள்ளே நுழையலாம் போன்ற குழாயிலிருந்து கறுப்புத் தண்ணீரும் மணலும் கொப்புளித்து விழுந்தன. முழங்கால் சேற்றில் நின்று கைகாட்டிப் புல்டோசரை நகர்த்திக்கொண்டிருந்தான் தமிழரசு. அவன் அப்படி நிமிர்ந்து நின்று அவள் பார்த்ததே இல்லை. அவளைப் பார்த்ததும் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு ஓடிவந்தான்.

வேதாச்சலம் தன் அறையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். மறுநாள் காலை டீ கொண்டுவந்த அவரிடம் யமுனா கேட்டாள்:

"அண்ணா, இந்தக் கடல் எப்பண்ணா இவரை விடும்?"

அவர் புரியாமல் பார்த்தார். "கடலா? சீசன் முடிஞ்சா ஆளுங்கல்லாம் ஊருக்குப் போயிடுவாங்கம்மா. மழையில மணல் மூட்டை அடுக்க நாலு பேர் போதும். உம் புருஷன்தான் வருஷா வருஷம், நான் இருக்கேன்னு பேர் குடுக்கிறான். உனக்குத் தெரியாதா?"

டீ ஆறிப்போகும்வரை அவள் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு மணலில் இறங்கி நடந்தாள். அன்றைக்கு வேலை இல்லை. புதிதாகப் பரப்பிய கரையில் தமிழரசு அவளை அழைத்துக்கொண்டு போய், இது நாம போட்டது, அதோ அந்த மூலை வரைக்கும் நாம போட்டது என்று காட்டிக்கொண்டே போனான்.

"கடல் மேல பழி போட்டுக்கினு நாலு வருஷமா என்னைப் பொய்லயே வெச்சிருந்தியா?" என்றாள் அவள்.

அவன் நின்றான்.

"எங்க நைனாவுக்கு வரப்புகூடச் சொந்தமா இல்ல யமுனா. நின்ன இடமெல்லாம் எவனோ ஒருத்தன் இடம். இங்க கடல் இருந்த எடத்துல தரை போடறேன். எனக்குன்னு இல்லதான். ஆனா நான் போட்டது. அத சொன்னா நீ சிரிப்பியோன்னு..."

"நான் எதுக்குச் சிரிக்கப் போறேன்?" அவள் அவன் பக்கம் திரும்பினாள். "ஒருநாளாவது என்னைத் தேடுச்சா உனக்கு?"

"போனை வெச்சப்புறம் தேடும். திரும்பப் போட பயமா இருக்கும். நீ வான்னு ஒரு வார்த்தை சொன்னா வந்துடுவேன்னு."

அலை வந்து அவர்கள் காலடி மணலைக் கரைத்தது. யமுனா தள்ளி நின்றுகொண்டாள்.

"வர்றேன்னா வர்றேன்னு சொல்லு. வரலன்னா வரலன்னு சொல்லு. கடல நடுவுல இழுக்காத."

"உகாதிக்கு வர்றேன். ஒரேயடியா" என்றான்.

அவள் தனியாகத்தான் திரும்பினாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பேச்சில் அலையும் இல்லை, அறுபதடியும் இல்லை. உகாதி என்ற சொல்லையும் அவர்கள் இருவரும் தவிர்த்தார்கள்.

உகாதிக்கு நாலு நாள் இருக்கும்போது, பட்டப்பகலில், லாட்ஜ் இரண்டாம் மாடி வராந்தாவில் அவன் பையோடு வந்து நின்றான். கையிலிருந்த பக்கெட்டை யமுனா கீழே வைத்தாள். அவன் தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

"ரிசார்ட்காரங்க கல்லு கொட்டிச் சுவர் கட்டறாங்க" என்றான். "மணல் வேலை முடிஞ்சிபோச்சி. எல்லாரையும் அனுப்பிட்டாங்க."

அவள் கை தோளிலேயே இருந்தது. "வேலை இருந்திருந்தா வந்திருப்பியா?"

அவன் தெருப்பக்கம் பார்த்தான். கீழே ஷேர் ஆட்டோக்காரன் திருப்பதி, திருப்பதி என்று கூவிக்கொண்டிருந்தான்.

"வந்திருப்பேன்னுதான் நெனைக்கிறேன். சத்தியமாத் தெரியல யமுனா."

அவன் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதை அவள் நம்பியும் இருப்பாள். கண் நிறைந்தது அவளுக்கு. கோபம் என்று பார்த்தால் அது வரவில்லை. பக்கெட்டை மறுபடி எடுத்தாள்.

"இன்னும் ரெண்டு ரூம் கீது. இரு, முடிச்சிட்டு வந்துடறேன்."

அவன் பையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.