பாஞ்சாலிக்குச் சர்க்கரை இறங்கிய நாள்

பாஞ்சாலி மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால். ஃப்ரீசர் பெட்டிக்குள் அவள் புருஷன் பலராமன், மூக்கில் பஞ்சோடு, நினைவு தெரிந்த நாளிலிருந்து முதன்முறையாக யாரையும் அதட்டாமல் படுத்திருந்தார். வாலாஜாபாத்திலிருந்து வர வேண்டிய அவருடைய அண்ணனுக்காகத்தான் அவள் மணி பார்க்கிறாள் என்று சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அவள் கணக்கு வேறு. காலை ஐந்தரைக்குத் தின்றது. எட்டரைக்குத் தின்றிருக்க வேண்டும். அடுத்த வேளையும் நெருங்கிவிட்டது.

தின்ன வேண்டியது ஒரு நாய்க்குட்டி. டாய் பொமரேனியன் என்று சொல்லி, பதினைந்து நாளுக்கு முன்னால் மகன் மோகன் செருப்புப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தான். அவன் ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். பெண்டாட்டியும் வேலைக்குப் போகிறவள். ஆசைப்பட்டு வாங்கியவர்களுக்குப் பார்த்துக்கொள்ள நேரமில்லை. ஒரே ஒரு வாரம் என்றான். பிள்ளைகள் ஒரு வாரம் என்று பெற்றவள் வீட்டில் விட்டுப்போன எதுதான் ஒரு வாரத்தில் திரும்பிப் போயிருக்கிறது?

அறுநூறு கிராம். அதில் பாதி முடி. பலராமன் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது நாயா, குண்டூசியா?" என்றார். பெயர் அதுவாகவே நின்றுவிட்டது. பின்கட்டிலிருந்து கூடத்துக்கு வரும் வாசற்படியை அது தாண்டக் கூடாது என்பது அவர் சட்டம். ஒரு காலைத் தூக்கி வைத்தால் போதும், நாற்காலியிலிருந்து "ஏய்" என்று சத்தம் வரும். குட்டி அப்படியே நின்றுவிடும். அடுப்படியில் பாஞ்சாலியும் நின்றுவிடுவாள். கம்பெனிக்கு நிலம் போனபிறகு அதட்டுவதற்கு மாடும் இல்லை, ஆளும் இல்லை. மிச்சமிருந்தது இவர்கள் இரண்டு பேர்தான்.

சுங்குவார்சத்திரத்து நாய் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்த ஜாதிக் குட்டிக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாவது உள்ளே போக வேண்டும். தவறினால் உடம்பில் சர்க்கரை இறங்கித் தலை தொங்கிவிடும். தொங்கினால் குளுக்கோஸை ஈறில் தடவி, சூடு ஆறாமல் சுற்றி, உடனே தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும்.

இழவுக்கு வந்த நாத்தனார் கலைமணி செய்த முதல் வேலை, குட்டியைப் பின்கட்டுக் குளியலறையில் போட்டுக் கதவைச் சாத்தியது. சாவு வீட்டில் நாய் குறுக்கே போகக் கூடாதாம். இரண்டாவது வேலை, பாஞ்சாலியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது.

"கடைசியா அண்ணன் இன்னா சொன்னாரு அண்ணி?"

காலை ஐந்தரைக்குப் பாஞ்சாலி பின்கட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஊறவைத்த தீனியை ஒவ்வொன்றாகக் குட்டியின் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து, "ஏய், காபி இன்னாச்சு?" என்று வந்தது. வழக்கமாக மூன்று தடவை வரும். மூன்றாவதில் அவளுடைய அப்பாவின் பெயரும் சேர்ந்து வரும். இரண்டாவதுக்கு எழுந்துகொள்ளலாம் என்று இருந்தாள். இரண்டாவது வரவில்லை. பதினோரு உருண்டையும் நிம்மதியாக ஊட்டி முடித்தாள். காபியோடு போனபோது நாற்காலியில் அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அவரைப் பார்க்க வந்த டாக்டர், மாரடைப்பு, பக்கத்திலேயே இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, ஒரே அடியில் போய்விட்டார் என்றார். அதைக் கேட்டதும் பாஞ்சாலி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பார்த்தவர்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"என்னைக் கூப்ட்டாரு" என்றாள் இப்போது.

பொய்யில்லை. ஆனால் அந்தப் பேச்சு டீக்கடைக்குப் போய்ச் சேரும்போது, பலராமன் அவள் கையைப் பிடித்து, "பாஞ்சாலி, தைரியமா இரு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை என்பது தெருவுக்கே தெரியும். செத்தவருக்குத் தெரு செய்த மரியாதை அது.

ஒரே ஒரு குறைதான். பாஞ்சாலி இன்னும் அழவில்லை. எதிர்வீட்டுக்காரி இதற்குள் இரண்டு பேரிடம் சொல்லியாகிவிட்டது.

அப்போது மாடி அறையில் குடியிருக்கும் சுகப்பிரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். நைட் ஷிப்ட் முடித்து வந்து, கம்பெனிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தாள். குனிந்து காதோடு சொன்னாள்.

"அத்தை, பாத்ரூம்ல குட்டி தலய தொங்கப் போட்டுக் கெடக்கு. கூப்ட்டா கண்ணத் தொறக்க மாட்டேங்கு."

"ஐயோ, என் கண்ணே" என்று பாஞ்சாலி வாய்விட்டு அலறினாள். கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. கூடத்துக்கே ஒரு திருப்தி வந்தது. எட்டுப் பெண்கள் பாய்ந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். எழுந்திருக்கப் பார்த்தாள், உட்காரவைத்தார்கள். மறுபடி எழுந்தாள், கலைமணி இடுப்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.

"அழுவு அண்ணி. உள்ள வெச்சிக்கினு இருக்காத."

புருஷன் பிணத்தருகே இருந்து பெண்டாட்டி எழுந்து போக முடியாது. நாய்க்குட்டிக்காக என்றால் நினைத்தே பார்க்க முடியாது. குளியலறைத் தரையின் ஈரம் பாஞ்சாலிக்கு நினைவு வந்தது. உடம்பை அப்படியே தளரவிட்டாள்.

"தல சுத்துது கலைமணி. எனக்கு சக்கர எறங்கிடுச்சி."

எட்டு ஜோடிக் கைகளும் விலகின. சர்க்கரை இல்லாத வீடு இந்தத் தெருவில் ஏது? காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றாள் ஒருத்தி. கண்ணு சொருகுது பாரு என்றாள் இன்னொருத்தி. பலராமனுக்கு ஆத்திர அவசரத்துக்கென்று வைத்திருந்த குளுக்கோஸ் டப்பாவைத் தேடி எடுத்து, கலைமணியே ஒரு டம்ளரில் கெட்டியாகக் கலக்கிக் கொடுத்தாள். சர்க்கரை அவருக்குத்தான், இவளுக்கு இல்லை என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

"பின்னால செத்த படுத்துட்டு வரேன். இந்தப் பொண்ணு கூட இருந்தா போதும்" என்று டம்ளரோடு போய்ப் பின்கட்டுக் கதவைத் தாழ்போட்டாள்.

குண்டூசி நனைந்த கைக்குட்டைபோலக் கிடந்தது. முந்தானையில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டு, விரலை டம்ளரில் தோய்த்து ஈறில் தடவினாள். ஒன்றுமில்லை. மறுபடி தடவினாள். சுகப்பிரியா உள்ளங்கால்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். காலையில் பலராமனுக்காக வேண்டிக்கொள்ள நேரமே கிடைக்கவில்லை. இப்போது பாஞ்சாலி தெரிந்த சாமி அத்தனையையும் கூப்பிட்டாள்.

கதவு தட்டப்பட்டது. "குடிச்சியா அண்ணி? எப்டி கீது?"

"இரு" என்றாள்.

விரல் நுனியில் ஏதோ பட்டது. நாக்கு. ஒரு தடவை நக்கியது. நின்றது. பிறகு விடாமல் நக்கியது. ஒரு கண் மட்டும் திறந்து, தெரிந்த முகம்தானா என்று பார்த்தது.

பாஞ்சாலி சுவரில் சாய்ந்தாள். கதவைப் பார்த்துச் சொன்னாள்: "இப்பத்தான் உசுரு வந்துச்சி."

நாலு உருண்டை உள்ளே போனதும், சுகப்பிரியா குட்டியைக் கோட்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தின் நடுவிலேயே நடந்துபோய் ஷேர் ஆட்டோ பிடித்தாள். பையை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த பாஞ்சாலியைத்தான் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து பாஞ்சாலிக்கு சுகர் என்று தெருவே நம்புகிறது. கல்யாண வீட்டில் அவள் இலைக்குப் பாயசம் வருவதில்லை. அவளும் வாயைத் திறப்பதில்லை.

அன்று நாலு மணிக்குப் பிணத்தை எடுத்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டுப் பெண்கள் குளிக்கப் போனார்கள். மோகன் இன்னும் சுடுகாட்டிலிருந்து திரும்பவில்லை. அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் சம்பந்தி வீட்டிலிருந்து சோறும் குழம்பும் வந்திருந்தன. பாஞ்சாலி பின்கட்டில் நின்று தட்டில் போட்டுக்கொண்டபோது சுகப்பிரியா வந்து பையைத் திறந்தாள். டாக்டர் ஊசி போட்டு, இவ்வளவு நேரம் வைத்துப் பார்த்து அனுப்பியிருந்தார். பயமில்லை என்று சொன்னாராம். குட்டியை இறக்கிவிட்டு அவள் தூங்கப் போனாள்.

குண்டூசி தன் கிண்ணத்தைக் காலிசெய்தது. ஆடி ஆடி நடந்து வாசற்படிக்குப் போய், ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. காதை விறைத்து நாற்காலியைப் பார்த்தது.

தட்டோடு பாஞ்சாலியும் நின்றாள்.

ரோட்டில் செகண்ட் ஷிப்ட் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதன் சத்தம் தேய்ந்து மறைந்தது.

குட்டி காலை அந்தப் பக்கம் வைத்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்றையும் வைத்தது. கூடத்தின் நடுவுக்குப் போய், கழுவிவிட்ட தரையை மோந்து பார்த்து, நிதானமாக மூத்திரம் பெய்தது.

பாஞ்சாலி படியைத் தாண்டி உள்ளே வந்தாள். கரித்துணி கொடியில் எட்டுகிற தூரத்தில்தான் தொங்கியது. ஈரத்துக்கு இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். சோறு இன்னும் சூடாக இருந்தது.