உள்ளே எழுதும் பெயர்

டெர்சிலியாவின் கடைப் பலகையை நான் தினமும் இருமுறை பார்க்க வேண்டியிருந்தது. வேலைக்குப் போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. கோட்டைச் சுவரைச் சுற்றிக்கொண்டு போக வேறு வழியும் இருக்கிறது. பத்து நிமிடம் கூடுதல். ஒரு வாரம் அப்படிப் போனேன். பார்க்காமல் இருப்பது அதைவிட மோசமாக இருந்தது.

பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து: 'டெர்சிலியா. புதுப்பித்த அக்கார்டியன்கள், பழைய இசைத்தாள்கள்.'

அந்த யோசனை என்னுடையது.

அக்கார்டியன் தொழிற்சாலையில் நானும் அவளும் பத்தொன்பது வருடம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்குகளான ரீடுகளுக்குச் சுருதி சேர்த்தோம். அவள் தோராயமாகச் சேர்த்ததை நான் திருத்தி முடிப்பேன். ஒரு மதியம், ரொட்டிக்குள் தொத்திறைச்சியை வைத்துக்கொண்டே நான்தான் சொன்னேன். இத்தாலியில் அக்கார்டியனுக்கே பெயர்போன எங்கள் ஊர் காஸ்தெல்ஃபிதார்தோவில் எந்த வீட்டுப் பரணிலும் ஒரு அக்கார்டியன் தூங்குகிறது. அதை வாங்கிச் சரிசெய்து, அதோடு கிடக்கும் வால்ட்ஸ், போல்கா நடன இசைத் தாள்களையும் சேர்த்து விற்றால் என்ன? அவள் வாய் நிறைய ரொட்டியோடு தலையாட்டினாள்.

பிறகு நான் ஆறு வருடம் யோசித்தேன். எந்தத் தெரு, அலமாரிக்கு என்ன நிறம், தாள்களை எப்படி வரிசைப்படுத்துவது. அவள் யோசிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை வேலையை விட்டாள். அடுத்த மாதம் கடை திறந்தாள். இதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. அதுதான் என்னை அரித்தது.

அவளுக்கு இசைத்தாள் படிக்கக்கூட வராது. தக்காளிப் பெட்டிகளில் தாள்களை அடுக்கி வைத்து, அட்டையின் நிறத்தைப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள். "அந்த மஞ்சள் மஸுர்காவா? இருங்க, இங்கதான் எங்கயோ சிரிச்சிட்டு இருந்துச்சு," என்று அவள் சொல்வதும், வாங்க வந்தவர்கள் சிரிப்பதும் தெருவரை கேட்கும். நான் அந்தத் தாள்களை வால்ட்ஸ், போல்கா, மஸுர்கா என்று மூன்று குவியலாகப் பிரித்திருப்பேன். ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

அக்டோபரில் ஒரு நாள் என் வீட்டுக் கதவை உதைத்தாள்.

"நெல்டா, திறடி! கை ஒடியுது!"

சிவப்பு அக்கார்டியன் ஒன்றை என் சாப்பாட்டு மேசையில் இறக்கி வைத்தாள். துருத்தியும் விரலால் அழுத்தும் கட்டைகளும் புதிதாக மின்னின. அந்த வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது.

"என்னடி மூஞ்சி இது? புளிச்ச திராட்சையைத் தின்ன மாதிரி."

"அலுப்பு."

"அந்த ஃபேக்டரியை விடுன்னா கேக்க மாட்டேங்கறே. சரி, இதுக்குச் சுருதி சேர்த்துக் குடு. ஒட்டோரினோ மாஸ்டர் அடுத்த சனிக்கிழமை பாக்க வரார். இது பிடிச்சா அவர் நடனக் குழுவுக்கே இன்னும் அஞ்சு எடுப்பார். பிடிக்கலேன்னா கடையை மூடிட்டு மறுபடி உன் எதிர்ல வந்து உக்கார வேண்டியதுதான்."

"உன் காதை வச்சு நீயே சேர்த்துக்கோயேன்."

"என் காதா? கம்மல் போடத்தான் லாயக்குன்னு நீதானே சொன்னே?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். 'மறுபடி உன் எதிர்ல' என்ற வார்த்தை மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். சுருதி சேர்த்து முடித்தவர், ரீடுகள் பதிந்திருக்கும் மரக்கட்டையின் பக்கத்தில் பென்சிலால் பெயரும் வருடமும் எழுதுவார். பெட்டியை மூடிவிட்டால் வெளியே தெரியாது. அடுத்துத் திறப்பவருக்கு மட்டும் தெரியும். இந்தப் பெட்டியில் ஏற்கெனவே இரண்டு பெயர்கள் இருந்தன: 1961, 1984.

ஞாயிறு மதியத்துக்குள் வேலை முடிந்தது. நன்றாக வந்திருந்தது. அதை மறுபடி மறுபடி வாசித்துக் கேட்டேன். பிறகு நடுவில் இருக்கும் 'லா' சுரத்தின் ரீடை எடுத்து, அதன் அடிப்பக்கத்தில் இரண்டு முறை சுரண்டினேன். அடியைச் சுரண்டினால் சுரம் இறங்கும். இப்போது அந்தக் கட்டையை அழுத்தினால் அதன் சுரம் மட்டும் குளிரில் பல் கிட்டுவதுபோல் நடுங்கியது. சும்மா தட்டிப் பார்க்கிறவருக்குப் பிடிபடாது. ஒரு வால்ட்ஸை முழுதாக வாசித்தால் பிடிபடும்.

பென்சிலை எடுத்தேன். கை ஓடவில்லை. எழுதாமலே மூடினேன்.

சனிக்கிழமை நான் பெட்டியோடு போனபோது மாஸ்டர் முன்பே வந்திருந்தார். எழுபது வயது, பொத்தான் இறுகிய கோட்டு. அவர் அக்கார்டியனின் வாரை எடுத்துத் தோளில் மாட்டப் போனார். டெர்சிலியா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"என் கடையில முதல்ல வாசிக்க விடமாட்டேன் மாஸ்டர். முதல்ல படிக்கணும்."

துருத்தியைப் பெட்டியோடு பிணைக்கும் ஊசிகளை உருவி, அதைப் பிரித்து, மரக்கட்டைகளை வெளிச்சத்தில் காட்டினாள். அவள் இப்படித்தான் விற்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் இதற்கு முன் அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்ததில்லை.

"அறுபத்தொண்ணு, எல்விரோ. எண்பத்திநாலு, பச்சிஃபிகோ. இப்போ நம்ம ஊர்லயே நல்ல காது யாரோடது தெரியுமா? இருங்க, காட்டறேன்..."

முதல் மரக்கட்டையைத் திருப்பினாள். இரண்டாவதை, மூன்றாவதை. அவள் விரல் நின்றது.

"என்னம்மா, பேரைக் காணோம்?" என்றார் மாஸ்டர். "பேர் போடாத பெட்டியை நான் தொடறதில்ல."

டெர்சிலியா என்னைப் பார்த்தாள். அவள் காது சுமார்தான். கண் அப்படி இல்லை. ரீடு பதித்த மெழுகைக் கையிலிருந்து துடைப்பதற்கு முன்பே பெயர் எழுதுகிறவள் நான் என்று பத்தொன்பது வருடம் எதிரே இருந்து பார்த்தவள்.

"அவ இன்னும் முடிக்கல மாஸ்டர்," என்றாள் அவள். "நான்தான் அவசரப்பட்டு எடுத்துட்டு வரச் சொன்னேன். நீங்க சதுக்கத்துல ஒரு காபி குடிச்சிட்டு வாங்க. என் கணக்குல."

அவர் போனார். அந்தப் பொய்யை அவள் எவ்வளவு இலகுவாகச் சொன்னாள்! அந்த நேரத்தில்கூட எனக்கு அவள்மேல் பொறாமைதான் வந்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அவளைத் தெருவில் நிறுத்தியிருப்பேன்.

அவளுடைய மேசையில் உட்கார்ந்தேன். சுரண்டிய ரீடைக் கழற்றினேன். பழைய பெட்டிகளின் ரீடுகள் கிடந்த இழுப்பறையில் பொருத்தமான ஒன்றைத் தேடி எடுத்து, மெழுகை உருக்கிப் பதித்து, நுனியைத் தேய்த்துச் சுருதிக்குக் கொண்டுவந்தேன். அவள் பின்னால் நின்று தக்காளிப் பெட்டியில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கட்டை?" என்றாள் கடைசியில்.

"லா."

"நடுவுல இருக்கறதா?"

"ம்."

"ஒண்ணே ஒண்ணா? உன் இடத்துல நானா இருந்தா நாலைக் கெடுத்திருப்பேன்டி."

பென்சிலை நாக்கில் நனைத்து எழுதினேன்: நெல்டா, பக்கத்தில் வருடம். மேலே இருந்த இரண்டு பெயர்களையும்விடப் பெரிதாக.

மாஸ்டர் வந்து படித்தார். பிறகு ஒரு வால்ட்ஸை முழுதாக வாசித்தார். நடுக் கட்டைக்கு வரும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்தேன். ஆறு பெட்டிகளையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிக் கைகுலுக்கினார். என்னோடு அல்ல, அவளோடு.

திங்கட்கிழமை கடை வழியாகத்தான் போனேன். கதவுக்குள் யாரோ சிரித்தார்கள். தொழிற்சாலையில் எனக்கெதிரே நாற்காலி காலியாக இருந்தது. இனி அதில் அவள் உட்கார மாட்டாள். அவள் கடையை நிலைக்க வைத்தது என் கைதான் என்று என்னிடமே இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். அப்படியும் பொறாமை அடங்கவில்லை. ரீடை எடுத்து வேலையைத் தொடங்கினேன்.