ராஜா சரியென்று சொல்லிவிட்டார்

பிரெஞ்சுப் புரட்சி என் வகுப்பில் ஆண்டுதோறும் கடைசிப் பீரியடில்தான் வெடிக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கும் தெம்பிருக்காது, எனக்கும் இருக்காது. மூட்டுவலியோடு நின்றபடி, இன்னொரு தேசத்தின் காலியான கஜானாவைப் பற்றி ஆவேசப்படுங்கள் என்று அவர்களை நான் கெஞ்ச வேண்டும்.

விவாதம் இதுதான். கஜானா காலி, ரொட்டி விலை எகிறிவிட்டது. ராஜா மூன்று பிரிவினரைச் சபைக்கு அழைக்கிறார்: பாதிரியார்கள், பிரபுக்கள், மற்ற எல்லோரும். பிரிவுக்கு ஒரு ஓட்டு என்றால் முதல் இரண்டு பிரிவும் கைகோத்து ஜெயித்துவிடும். தலைக்கு ஒரு ஓட்டு என்றால் மற்றவர்கள் பக்கம் பலம். ஆளுக்கொரு வேடம் போட்டு வாதாட வேண்டும். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுவார். பேசினால் மார்க், வாயைத் திறக்காவிட்டால் சைபர்.

எனக்குக் கவலையெல்லாம் தூங்குமூஞ்சியைப் பற்றித்தான். வகுப்பு வைத்த பெயர். பொருத்தமான பெயர் என்று சொல்லவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. எழுத்துத் தேர்வில் தட்டுத் தடுமாறி நிற்கிறாள். இதிலும் கோட்டை விட்டால் மேல் வகுப்பு கிடையாது. அவள் குரலை வருகைப் பதிவின்போது மட்டும்தான் நான் கேட்டிருக்கிறேன். அதனால் அவளையே ராஜாவாக்கினேன். "பிரிவுக்கு ஒரு ஓட்டுதான், கலைந்து போங்கள்" என்று அதட்டினால் போதும். எதிர்ப்பார்கள், திரும்ப அதட்டுவாள், பாஸாகிவிடுவாள். இப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

விவாதம் தொடங்கியது. மக்கள் பிரிவிலிருந்து ஒருத்தி எழுந்து, தலைக்கு ஒரு ஓட்டு வேண்டும் என்றாள். பிரபுக்களின் தலைவன் 'மைக்', பள்ளியின் நிரந்தரப் பேச்சாளன், பதிலடிக்குத் தொண்டையைச் செருமினான். அதற்குள் ராஜா எழுந்துவிட்டாள்.

"சரி. எல்லாரும் ஒண்ணா உக்காருங்க. தலைக்கு ஒரு ஓட்டு. வரியும் எல்லாரும் கட்டுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். புரட்சி முடிந்தது.

வகுப்பே திகைத்துப் போனது. கேட்டது கிடைத்துவிட்ட மக்கள் பிரிவுதான் முதலில் கொதித்தது.

"மிஸ், நான் இன்னும் பேசவே இல்ல!"

"நான் ரெண்டு பக்கம் மனப்பாடம் பண்ணியிருக்கேன் மிஸ்!"

"அதெப்படி உடனே ஒத்துக்கலாம்? கொஞ்சமாவது முரண்டு பிடிக்க வேணாமா?" என்று ராஜாவிடமே மைக் சண்டைக்குப் போனான். பிரபுக்களும் பாதிரிகளும் ஏழைகளும் ஒரே அணியில் திரண்டு, சமாதானம் வேண்டாம் என்று கூச்சலிட்டார்கள். அந்த ஒற்றுமையை அந்த வகுப்பில் அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

தேர்வாளர் பேனாவை மூடினார். "என்ன டீச்சர் இது? சரித்திரத்துல இப்படியா நடந்துச்சு?"

"கடைசியில அந்த ராஜாவும் இதைத்தான் சார் சொன்னார். என்ன, லேட்டா சொன்னார்."

அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் அது அன்றைய கடைசிப் பள்ளி போலிருந்தது. "டீ குடிச்சிட்டு வரேன். வேஷத்தை மாத்தி இன்னொரு தடவை நடத்துங்க. ராஜாவா இருந்த பொண்ணு இதோட நின்னா பாஸ் போட முடியாது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவளை ஜன்னலோரம் கூப்பிட்டேன்.

"ஏம்மா, உன்னைக் காப்பாத்தணும்னுதானே அந்த வேஷம் கொடுத்தேன்? எதுக்கு உடனே சரின்னே?"

"சரின்னு சொன்னா சத்தம் நின்னுடும்ல மிஸ்."

"எந்தச் சத்தம்?"

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுல அண்ணனும் அம்மாவும் தினமும் சண்டை. அவன் குழந்தையப் பாத்துக்க ஆள் இல்ல, என்னை ஸ்கூல விட்டு நிறுத்தணும்னு அண்ணன் கத்துவான். கூடாதுன்னு அம்மா கத்துவாங்க. யாருக்கும் தூக்கமே இல்ல. முந்தாநேத்து நான் சரின்னுட்டேன். உடனே எல்லாரும் படுத்துட்டாங்க."

"நீ?"

"நான் முழிச்சிட்டிருந்தேன்."

அவளே தொடர்ந்தாள். "இந்தத் தடவை என்னை வெளிய போற கூட்டத்துல போடுங்க மிஸ்."

போட்டேன். மைக் ராஜாவானான்; அவனிடமிருந்து ஒரு சலுகையும் கிடைக்காது என்பது உறுதி. பிரிவுக்கு ஒரு ஓட்டுதான் என்று முழங்கினான். சரித்திரத்தில் நடந்தபடி மக்கள் பிரிவை வெளியே நிறுத்திச் சபைக் கதவைச் சாத்தினேன். பிரான்சில் அன்று அவர்கள் ஒரு பந்து விளையாட்டுக் கூடத்தில் கூடி, கலைய மாட்டோம் என்று சபதம் செய்தார்கள்; எங்களுக்கு வராந்தா. தேர்வாளர் வராந்தாவிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொருவராகப் பேசி மார்க் வாங்கினார்கள். அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை.

மைக் வெளியே வந்தான். "ராஜாவின் ஆணை! எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போங்க!" அதே நேரம் மணியும் அடித்தது. மார்க் வாங்கியவர்கள் சபதத்தை மறந்து பைகளை எடுக்க ஓடினார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"ஏய், முடிஞ்சிடுச்சு, எந்திரி" என்றான் மைக்.

"மாட்டேன்."

"நீதான் முதல்லயே எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டியே!"

"ஒத்துக்கிட்டேன். எனக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டீங்களா? எல்லாரும் தூங்கணும்னு நான் மட்டும் ஏன் விட்டுக் கொடுக்கணும்? இப்ப ஒத்துக்கல. கேட்டாத்தான் எந்திரிப்பேன்."

குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. மைக் ஒரு அடி பின்வாங்கினான். தேர்வாளர் பேனாவைத் திறந்து எழுதினார். கிளம்பும்போது என்னிடம், "பாஸ்தான், சொல்லிடுங்க" என்றார்.

பள்ளி காலியாகிவிட்டது. நான் சொன்னேன். "பாஸாயிட்டம்மா. எந்திரி, வீட்டுக்குப் போகலாம்."

"வீட்டுலயும் போய் இதையே சொல்லணும் மிஸ்" என்றாள். "அங்க யாரும் மார்க் போட மாட்டாங்க. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேனே."

கால் கடுத்தது. வகுப்புக் கதவைப் பூட்டாமல் நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.