முந்தானை இல்லாத கூறை

நிரூபாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஸ்பிரிங்வேலில், கம்போடியக்காரி சன்னாரியின் கராஜுக்குள், தறியில் கிடந்தது சும்மா பட்டா? நூலை முதலில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்து, பிறகு நெய்யும் கம்போடியப் பட்டு. பூவெல்லாம் சாயமேறிய நூலிலேயே இருந்து வந்து ஒன்றோடொன்று பொருந்தின.

பக்கத்து ஊரான ரோவிலில் வீட்டோடு சேலை விற்கும் நிரூபாதான் இந்த ஓடரைப் பிடித்துக் கொடுத்தவள். தன் மகனின் கலியாணக் கூறைச் சேலைக்காக யோகா அன்ரி இன்றைக்குப் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் சொந்தபந்தமெல்லாம் பின்னால் வரும், சன்னாரி தறியோடேயே பிழைத்துக்கொள்வாள். இல்லையென்றால் திங்கட்கிழமை மறுபடியும் கோழி பொதிசெய்யும் தொழிற்சாலைதான். வருவாளா மாட்டாளா என்று இன்றைக்கே அங்கே சொல்ல வேண்டும்.

அன்ரி வந்தார், தடவினார், முகம் மலர்ந்தார். பிறகு கேட்டார்.

"முந்தானை எங்க பிள்ளை?"

 ஓடர் கொடுத்தபோது நிரூபா சன்னாரிக்கு நீளம் சொன்னாள், அகலம் சொன்னாள், நிறம் சொன்னாள். சேலை என்றால் முந்தானை இருக்கும்தானே என்று அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள், மடைச்சி! இடுப்பில் சுற்றும் கம்போடியத் துணிக்கு முந்தானை ஏது? சன்னாரி பாவம், ஒரே பூவை நெய்துகொண்டே போயிருந்தாள். இனி நெய்ய மிச்சம் ஒரு மீற்றர்தான். புதுப் பூவுக்கு நூல் கட்டத் தொடங்கினால் மணமக்களுக்குப் பிள்ளையே பிறந்துவிடும்.

"முந்தானை இல்லாமல் கூறையோ? சனம் சிரிக்கும்," என்று அன்ரி கைப்பையை எடுத்தார்.

நிரூபா தட்டுத்தடுமாறிச் சன்னாரிக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள்.  சன்னாரி குனிந்து, தறியின் கால்மிதிகளின் கயிறுகளை அவிழ்த்து மாற்றிக் கட்டினாள். அந்தப் பட்டுக்கு இரண்டு முகம். ஒன்று பளிச்சென்ற சிவப்பு, மற்றது ஆழ்ந்த அரக்கு. இதுவரை கீழே இருந்த முகம் இப்போது மேலே வரத் தொடங்கியது.

ஒரு விரல் அகலம். நாலு விரல். ஒரு சாண். அதே பூக்கள் அரக்குக்குள் தணல்போல எரிந்தன. அன்ரி கைப்பையை வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தார்.

"முருகா," என்றார் மெல்ல. "என்ர தங்கச்சியின்ர மருமகளுக்கும் இப்பிடியே வேணும். இந்த முந்தானை மாறக் கூடாது, சொல்லிப்போட்டன்."

நிரூபாவுக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. மூச்சு வாங்க மொழிபெயர்த்தாள். சன்னாரி கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்துத் தொழிற்சாலையை அழைத்தாள். திங்கட்கிழமை வரமாட்டேன் என்றாள். அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டார்கள்.

"எனக்கு வேலை இருக்கிறது," என்றாள் சன்னாரி. "நான் நெசவுக்காரி."