வலது பக்கத்துக் கல்

சந்தையில், எண்ணெயில் பொரித்த சூடான பஸ்தெல் பலகாரத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள் லூசினேய்டெ. பக்கத்துக் கடைக்காரி இவோனெட்டிதான் கத்தினாள்.

"அடியே, சட்டை கருகுதுடி! சுடலையா உனக்கு?"

சுடவில்லை. புற்றுநோய்க்கு வலது மார்பை எடுத்துவிட்டு அங்கே சிலிக்கோன் பை வைத்து இரண்டு வருடம். அதன் மேல் கதிர்வீச்சு வேறு. அந்தப் பக்கத்துத் தோலில் உணர்ச்சியே இல்லை. வெளியிலிருந்து வந்ததை உடம்பு சும்மா விடுமா? சுற்றிலும் தழும்புச் சுவர் கட்டிவிட்டது. அந்தச் சுவர் சுருங்கிச் சுருங்கிப் பையை இறுக்கி மேலே ஏற்றிவிட்டது. பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் கட்டிப்பிடிக்காமல் யாரும் நலம் விசாரிப்பதில்லை. அவள் எல்லாருக்கும் இடது பக்கத்தையே கொடுத்துவந்தாள்.

அன்று மதியமே ஆஸ்பத்திரிக்குப் புருஷன் எட்னால்டோவும் வந்தான். பையை எடுத்துவிடச் சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். எப்போதும்போல அவன் முந்திக்கொண்டான்.

"தழும்பைச் சுரண்டி எடுத்துட்டுப் புதுசு வைங்க டாக்டரம்மா. பொம்பளைன்னா ரெண்டும் இருக்க வேணாமா?"

"வைக்கலாம். ஆனா கதிர்வீச்சு பட்ட தோல். திரும்பவும் இறுகத்தான் வாய்ப்பு ஜாஸ்தி," என்றார் டாக்டர் ஜாசிரா. "இப்போ எவ்வளவு இறுகியிருக்குன்னு உங்களுக்கே தெரியுமே?"

அவன் தொண்டையைச் செருமினான். அறுவை சிகிச்சை முடிந்த நாளிலிருந்து அவன் அந்தப் பக்கம் கை வைத்ததே இல்லை. பயமோ, அருவருப்போ, அவள் கேட்டதில்லை. கேட்க வேண்டுமென்றுகூட இப்போதெல்லாம் தோன்றுவதில்லை.

"தொட்டுப் பாருங்க," என்றார் டாக்டர்.

லூசினேய்டெ சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். காலையில் தட்டுச் சுட்ட கொப்புளம் சிவந்திருந்தது. அதை ஒதுக்கி அவன் விரல்களை வைத்தான். முகம் வெளுத்தது.

"ஐயோ, கல்லு மாதிரி இருக்கே! எப்ப இருந்து லூசி?"

"ஒன்றரை வருஷமா."

"எனக்குத் தெரியாமப் போச்சே. ஏன் சொல்லலை?"

"கட்டில்ல பக்கத்துலதான படுத்திருந்தேன்?"

சொல்லிவிட்டாள். அவனுக்குக் கோபம் வருமென்று காத்திருந்தாள், வரவில்லை. டாக்டரைப் பார்த்து, "எடுத்துடுங்க. புதுசு வேணாம்," என்றாள்.

டாக்டர் எழுதத் தொடங்கினார். எட்னால்டோ கையை எடுத்துவிட்டானா என்று தெரியாமல் அவள் குனிந்து பார்த்தாள். கை அங்கேயேதான் இருந்தது.