காஜாவும் பட்டனும் இழுத்த பனியன்

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை காலை, திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஒரு வாடகை வீட்டு வாசலில் இரண்டு நாய்கள் ஒரு குழந்தைப் பனியனை ஆளுக்கொரு பக்கம் கவ்வி இழுத்தன.

அனுசுயா அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். காஜா, பட்டன் என்று அவள் பெயர் வைத்த அந்த இரண்டும் சிப்பிப்பாறை ஜாதி. வயல்வெளியில் முயல் விரட்டப் பிறந்தவை இரண்டறை வீட்டில் அடைந்து கிடந்தால் என்ன ஆகும் என்பது அவளுக்கு முதலில் தெரியவில்லை. வெள்ளை விரிப்பில் தூங்கும் நாய்க்குட்டிகளை ரீல்ஸில் பார்த்து ஆசைப்பட்டு, கணவன் இசக்கிமுத்துவின் ஊரிலிருந்து வாங்கி வந்தாள். வந்த மாதமே குக்கர் வளையம் போயிற்று. இசக்கிமுத்துவின் செருப்புகளில் எதற்கும் ஜோடி இல்லாமல் போயிற்று. தலையணைப் பஞ்சு தெருமுனை வரை பறந்த அன்று அனுசுயா உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் அதைப் படம் பிடித்துப் போட்டாள்.

‘காஜா பட்டன் அட்டகாசம்’ என்ற பக்கம் அப்படித்தான் தொடங்கியது. அழகான படம் ஒன்றும் அதில் கிடையாது. பிய்த்தது, கவிழ்த்தது, மூலையில் பேண்டது எல்லாம் உள்ளபடி இருக்கும். “எங்க வீட்லயும் இதே கூத்துதான்க்கா, நாங்க மட்டும்தான்னு நெனச்சோம்” என்று ஊர் ஊராக ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

பனியன் வீடியோ போட்ட அன்று மத்தியானம் ஒரு பெண் எழுதியிருந்தாள்: “நாய் கெடக்கட்டும்க்கா. அந்த ஆக்டோபஸ் பனியன் எந்தக் கடையில கெடைக்கும்? எம் பையன் கேட்டு அழுவுறான்.”

அனுசுயா சிரித்தபடி பதில் எழுதத் தொடங்கிப் பாதியில் நின்றாள். வீடியோவைத் திரும்ப ஓட்டினாள். எட்டுக் காலிலும் எட்டு நிறத்தில் சாக்ஸ் மாட்டிய ஆக்டோபஸ், இரண்டு வாய்களுக்கு நடுவே நன்றாக விரிந்து தெரிந்தது.

அது எந்தக் கடையிலும் கிடைக்காது. அடுத்த கோடைக்காக ஐரோப்பியக் கம்பெனி ஒன்று அவள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்குக் கொடுத்திருந்த டிசைன். கடைக்கு வரும்வரை வெளியாள் கண்ணில் படக்கூடாது என்று கையெழுத்துப் போட்டு வாங்கியது. அந்த ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரே அனுசுயாதான். சனிக்கிழமை நாய்ப் படுக்கைக்கென்று, கம்பெனியில் வெட்டிக் கழித்த கட்டிங் வேஸ்ட் துணியை ஒரு பையில் அள்ளி வந்திருந்தாள். ரிஜெக்ட் ஆன சாம்பிள் ஒன்று அதில் கலந்திருந்ததை அவள் பார்க்கவில்லை.

வீடியோவை அழித்தாள். அதற்குள் ஒரு நகைச்சுவைப் பக்கம் அதை எடுத்துப் போட்டு, ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது.

“யாருக்கும் தெரியாது, விட்ருவமா?” என்றாள் இசக்கிமுத்துவிடம்.

“ஏட்டி, நாய் பேண்டத ஊருக்கே காட்டுத. மொதலாளிட்ட மட்டும் இத மறைக்கப் போறியோ?” என்றான் அவன். காஜா அவன் லுங்கி நுனியை மென்றுகொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை முதலாளி ஆத்தப்பன் அவரே கூப்பிட்டுவிட்டார். அனுசுயா தயங்கியபடி அறைக்குள் போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“வா கண்ணு, இதப் பாரு. நேத்துப் பொழுதுக்கும் எங்க ஊட்ல இதேதான் ஓடுச்சு. அந்த வெள்ளை நாயி உட்டுக்குடுக்கறாப்ல உட்டுப்போட்டு வெடுக்குனு இழுக்குது பாரு! சம்சாரம் வயித்த வலிக்குதுங்கறா.”

“சார், அது எங்க வீட்டு நாய்தான்.”

“அட! இத்தன நாளாச் சொல்லவே இல்லியே நீயி?”

“நாயப் பாக்காதீங்க சார். பனியனப் பாருங்க.”

ஆத்தப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை ஓட்டினார். சிரிப்பு பாதியில் அறுந்தது.

“இது நம்ம ஆக்டோபசல்ல?”

“ஆமா சார். வேஸ்ட்ல கலந்து வந்துருச்சு. நான் கவனிக்கல.”

“எத்தன பேரும்மா பாத்திருப்பாங்க?”

“உங்க வீடு வரைக்கும் வந்துருக்கு சார்.”

அவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். வெளியே தையல் மிஷின்களின் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

“நீ சொல்லாட்டி நான் கண்டிருக்க மாட்டேன். நாயத்தான் பாத்துட்டிருந்தேன்.”

“அவங்க டிசைன் சார். அவங்க கண்டுபிடிச்சிருவாங்க.”

“அதுக்கு முந்தி நாமளே சொல்லிப்போடலாம். மெயில் போடு. வீடியோவையும் வெச்சு அனுப்பு, பாத்தாச் சிரிக்கவாவது செய்யட்டும்.” அவள் கதவருகே போனதும் மெதுவாகச் சொன்னார். “ஆர்டர் போயிருச்சுன்னா, உன்ற வேலையப் பத்தி அப்புறம் உக்காந்து பேசோணும்மா.”

அனுசுயா உடனே மெயில் அனுப்பினாள். சாயங்காலம் வந்த மெயிலில் சிரிப்பு எதுவும் இல்லை. வெளியே தெரிந்துவிட்ட அந்த ஆக்டோபஸ் அச்சு இனி வேண்டாம். வேறு அச்சு அனுப்புகிறோம். சாம்பிள் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஷிப்மெண்ட் தேதி மாறாது. இது ஒரு முறைதான் மன்னிக்கப்படும். அவ்வளவுதான் இருந்தது. ஆத்தப்பன் அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“வேலை இருக்குது கண்ணு. ஞாயித்துக்கெழமதான் இல்ல” என்றார்.

புதிய அச்சிலும் ஆக்டோபஸ்தான் வந்தது. சாக்ஸைக் கழற்றிவிட்டுத் தலையில் தொப்பி வைத்திருந்தார்கள். வேஸ்டுக்குப் போகும் சாம்பிள் எதையும் கத்தரியால் நாலு துண்டாக வெட்டிய பிறகே போட வேண்டும் என்று கட்டிங் மேசைக்கு மேலே எழுதி ஒட்டினார்கள். புது சாம்பிள் ஒப்புதலாகும்வரை அனுசுயா ஞாயிறுகளிலும் கம்பெனிக்குப் போனாள். வீட்டில் நாய்கள் இசக்கிமுத்துவின் பொறுப்பில் இருந்தன. முதல் ஞாயிறே அவன் ஒரு வீடியோ எடுத்து அனுப்பினான். பக்கத்தில் போடுவதற்கு முன் அனுசுயா அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அதில் கிழிந்திருந்தது கடையில் வாங்கிய கொசுவலை.